பீரின் மேல் படர்ந்திருப்பது என்ன? இரண்டாம் கட்ட நொதித்தலில் எதை விட்டுவைக்கலாம், எதைக் கொட்ட வேண்டும்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் பீர் தயாரிக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. முதற்கட்ட நொதித்தல் முடிந்த பீரை, இரண்டாம் கட்டத்துக்காகக் கார்பாய் எனப்படும் குறுகிய கழுத்துள்ள பெரிய கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி, சில நாள் கழித்துப் பார்த்தபோது, மேற்பரப்பில் மெல்லிய வெண்ணிறப் படலமும், அதன் அடியில் உடையாமல் நிற்கும் பெரிய குமிழ்களும், கழுத்துப் பகுதியில் பழுப்பு நிறத் திட்டுகளும் தெரிந்தனவாம். மணத்தில் கெடுதல் ஏதும் தெரியவில்லை. இதைக் கொட்டிவிட வேண்டுமா, அல்லது போத்தலில் அடைத்துவிடலாமா என்று கேட்கிறார். இப்போதைக்குக் கொட்டவும் வேண்டாம், அடைக்கவும் வேண்டாம் என்பதே என் பதில். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் நல்ல பீரைப் பயந்து கொட்டுவதும், அடைக்கக் கூடாத பீரை அவசரப்பட்டு அடைப்பதும் ஒரே அளவுக்கு நடக்கின்றன.

முதலில் உடல்நலம் பற்றிய அச்சத்தைத் தீர்த்துக்கொள்வோம். நொதித்து முடிந்த பீர், நோய்க்கிருமிகளுக்கு மிகவும் பாதகமான ஒரு திரவம். அதில் நான்கு அல்லது ஐந்து விழுக்காடு ஆல்கஹால் இருக்கிறது. அதன் அமிலத்தன்மை பெரும்பாலும் பிஎச் 4.0க்கும் 4.5க்கும் இடையில் நிற்கிறது. பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவிலிருந்து வரும் கசப்பு அமிலங்கள் பலவகை பாக்டீரியாக்களை வளரவிடுவதில்லை. எளிதில் உண்ணக்கூடிய சர்க்கரையை ஈஸ்ட் முன்னதாகவே தீர்த்துவிடுகிறது. கரைந்திருக்கும் ஆக்சிஜனும் மிகக் குறைவு. இவை எல்லாம் ஒன்றுசேர்ந்து நிற்பதால், முறையாக நொதித்த பீரில் நம்மை நோயில் தள்ளும் கிருமிகள் வளர்வதில்லை. மேற்பரப்பில் வரும் பூசணம் தவிர (அதைப் பின்னால் பார்ப்போம்), வளர முடிந்தவை சுவையைக் கெடுப்பவை மட்டுமே. இந்தப் பாதுகாப்பு ஈஸ்ட் தன் வேலையைச் செய்து முடித்த பீருக்குத்தான் பொருந்தும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஈஸ்ட் சேர்க்காமல் மூடிவைத்த இனிப்பான வார்ட்டில், அதாவது நொதிக்காத மால்ட் சாற்றில், ஆல்கஹாலும் இல்லை, அமிலமும் போதாது, பிஎச் 4.6க்கு மேல் இருக்கும் அந்தத் திரவத்தை நம் ஊர் வெயிலில் நாள்கணக்கில் வைத்திருப்பது பொட்டுலிசம் கிருமிக்கு இடம் கொடுப்பதாகும். ஆல்கஹால் இல்லாத பீர் தயாரிப்பவர்களுக்கும் இந்த உத்தரவாதம் கிடையாது.

அடுத்து, மேலே தெரிவதெல்லாம் வளர்ச்சிதான் என்று முடிவு கட்டக் கூடாது. என்னிடம் காட்டப்படும் படங்களில் பெரும்பாலானவை உயிருள்ள தொற்றே அல்ல. பீரை மாற்றும்போது அதோடு வரும் ஈஸ்ட் புதிய பாத்திரத்தில் மீண்டும் சிறிது நேரம் வேலை செய்வது உண்டு. அப்போது ஒரு சிறிய நுரை எழுந்து, ஓரிரு நாளில் அடங்கி, கண்ணாடியின் உட்பக்கத்தில் பழுப்பும் மஞ்சளுமான பிசின்போன்ற கோட்டை விட்டுச்செல்லும். அதில் ஹாப்ஸின் பிசினும், புரதமும், காய்ந்த ஈஸ்டும் கலந்திருக்கும். அந்தக் கோடு பச்சையாகத் தெரிந்தால் அது ஹாப்ஸ். ஒழுங்கில்லாமல், ஈரமாக, கண்ணாடியோடு ஒட்டி, நாளாக ஆகப் பெருகாமல் அப்படியே இருந்தால் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

நுரை அடங்கிய பின்னும் அடியில் இறங்காமல் மிதக்கும் ஈஸ்ட் திட்டுகள் இன்னொரு வகை. இவை காபியில் பால் கலந்த நிறத்தில், தீவுகள்போலத் தனித்தனியே, களிம்பின் பதத்தில் இருக்கும். மேலே மிதந்து வேலை செய்யும் இயல்புள்ள ஏல் ஈஸ்ட் வகைகளில் இவை வாரக்கணக்கில் மிதப்பதுகூட இயல்பே. கார்பாயை மெல்லச் சாய்த்தால் இந்தத் திட்டுகள் திரவத்தோடு நகரும். ஓரம் உடைந்து, ஒரு பகுதி துகளாக அடியில் இறங்கும். உயிருள்ள படலம் அப்படி இறங்காது. கேள்வி கேட்டவர் கழுத்தருகே பார்த்த பழுப்புத் திட்டுகள் இவையாகவே இருக்க வேண்டும்.

இவற்றோடு, மணத்துக்காக நொதித்த பீரில் உலர் ஹாப்ஸ் போட்டவர்களுக்கு இலைத்துகள்களும் பச்சைப் பொடியும் மிதக்கும். வறுத்த தேங்காய்த் துருவலோ கொக்கோவோ சேர்த்தவர்களுக்கு எண்ணெய்ப் பசை வட்டங்களாகவும், குளிரவைத்தால் வெண்ணிறக் கட்டிகளாகவும் மேலே நிற்கும். தேங்காய்க் கொழுப்பு 25 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்குவதால், ஐஸ்பெட்டிக்குள் வைத்த மறுநாள் அதைப் பார்த்துப் பூசணம் என்று பதறுகிறவர்கள் உண்டு. பாத்திரத்தை வெளியே எடுத்துவைத்து வெப்பநிலை ஏறும்போது கட்டி கரைந்தால் அது கொழுப்பு, அவ்வளவுதான். ஸ்டார் சான் போன்ற கிருமிநீக்கியின் நுரை எஞ்சியிருப்பதும் சில மணிநேரத்தில் தானாக அடங்கிவிடும்.

குமிழ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாயுவை வெளியே விடும் தண்ணீர்ப் பூட்டான ஏர்லாக்கில் குமிழ் வருகிறது என்பதாலோ, மேற்பரப்பில் குமிழ் நிற்கிறது என்பதாலோ மட்டும் தொற்று என்றோ நொதித்தல் தொடர்கிறது என்றோ சொல்ல முடியாது. 20 டிகிரியில் நொதித்த 20 லிட்டர் பீரைக் குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்து 30 டிகிரி வெப்பமுள்ள அறையில் வைத்தால், கரைந்திருந்த கரியமில வாயுவில் ஏறத்தாழ 4 லிட்டர் அளவு வெளியேறும். அது நாள் முழுதும் ஏர்லாக்கைக் கொப்பளிக்கவைக்கும். ஆனால், அப்படி வெளியேறும் குமிழ் மேலே வந்ததும் உடைந்துவிட வேண்டும். உடையாமல், தோல் போர்த்தியதுபோல, ஒரு நாணயத்தின் அகலத்துக்குப் பெருத்து அங்கேயே நிற்கிறது என்றால், அதன் மேல் ஏதோ ஒரு படலம் பிடித்திருக்கிறது என்று பொருள். கேள்வியில் எனக்கு முக்கியமாகப்பட்ட விவரம் இந்தக் குமிழ்தான்.

உண்மையான படலத்தை எப்படி அறிவது? விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டில், மேற்பரப்போடு ஒட்டியவாறு பாய்ச்சிப் பாருங்கள். சுத்தமான பீரின் மேற்பரப்பு கண்ணாடியாகப் பளபளக்கும். படலம் தொடங்கியிருந்தால் அந்தப் பளபளப்பு மங்கி, பொடி தூவியதுபோல் தெரியும். சில நாளில் அது ஆறிய பாலின் ஆடையைப்போல ஒரே தாளாகி, பாத்திரத்தைச் சாய்த்தால் சுருக்கம் விழும். இன்னும் விட்டால் சுருக்கங்கள் நிலைத்து, மடிப்பு மடிப்பாக, அல்லது வெண்ணிறக் கயிறுகள் கோத்ததுபோலப் படரும். நிறம் வெண்மை, சாம்பல் கலந்த வெண்மை, அல்லது வெளிர் பழுப்பு. எப்போதும் ஈரமாக, திரவத்தோடு ஒட்டியிருக்கும். மயிர் முளைத்திருக்காது. இந்த ஈரமும் மயிரின்மையும்தான் பூசணத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் முதல் அடையாளங்கள்.

இத்தகைய படலத்தை உருவாக்குபவை பெரும்பாலும் காற்றை விரும்பும் ஈஸ்ட் வகைகள். பிச்சியா, கேண்டிடா குடும்பங்களைச் சேர்ந்தவற்றை ஊறுகாய் போடுகிறவர்களும் பீர் தயாரிப்பவர்களும் பொதுவாகக் காம் ஈஸ்ட் என்று அழைக்கிறார்கள். உப்புநீரில் ஊறவைத்த மாங்காயின் மேல் சில வேளை படரும் வெள்ளை ஆடையை நம் வீடுகளில் பார்த்திருப்போம். அதுவும் இவற்றின் வேலைதான். இவை ஆல்கஹாலையும் அமிலத்தையும் ஆக்சிஜனின் துணையோடு உண்டு வாழ்கின்றன. ஆகவே விட்டுவைத்தால் பீரின் சுவை மெல்லத் தட்டையாகி, லேசான பாலாடைக்கட்டி மணமோ மண் மணமோ ஏறும். நச்சு எதுவும் இல்லை. உடலில் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பவர்கள் மட்டும் இந்த நிலையிலுள்ள எதையும் சுவைத்துப் பார்க்க வேண்டாம் என்பேன்.

படலம் பிடிக்கும் இன்னொரு முக்கியமான ஈஸ்ட் பிரெட்டனோமைசிஸ். இதை வெறும் எதிரியாகப் பார்ப்பது சரியாகாது. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட் வளர்க்கும் முறையைக் கண்டார். அதன் பிறகு காட்டு ஈஸ்டுகளை விலக்குவதே பீர் ஆலைகளின் நோக்கமாயிற்று. ஆனால் அதே கார்ல்ஸ்பெர்க்கைச் சேர்ந்த கிளாவுசன் 1904இல், நீண்டகாலம் தேக்கிவைக்கப்பட்ட ஆங்கில பீர்களின் தனிச்சுவை இரண்டாம் கட்ட நொதித்தலில் வேலை செய்யும் இந்தப் பிரெட்டனோமைசிஸால் வருகிறது என்று எடுத்துக்காட்டினார். பெல்ஜியத்தில் பிரசல்ஸைச் சுற்றிய பகுதியில் தயாராகும் லாம்பிக் பீர் இன்றும் இதை நம்பியே இருக்கிறது. இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் படலம் நல்ல பீரிலும் வரும், கெட்ட பீரிலும் வரும். ஒரே பிரெட்டனோமைசிஸ் ஒரு கார்பாயில் அன்னாசிப்பழ மணத்தையும், இன்னொன்றில் குதிரைலாயத்தின் தோல் மணத்தையும் தரும். தோற்றத்தை வைத்து உயிரினத்தின் பெயரைச் சொல்ல எவராலும் முடியாது. 1871இல் லண்டனின் விட்பிரெட் பீர் ஆலைக்குச் சென்ற அறிவியலாளர் லூயி பாஸ்டர்கூட நுண்ணோக்கியை வைத்துத்தான் அங்கிருந்த ஈஸ்டைப் பார்த்தார். வீட்டில் 400 மடங்கு பெருக்கும் நுண்ணோக்கி இருந்தால், உருண்டையும் முட்டை வடிவுமான வழக்கமான ஈஸ்டுக்கு நடுவே நீண்டு மெலிந்த உயிரணுக்களும், மிகச் சிறிய கோல்களும் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். இல்லாவிட்டாலும் வேலை நின்றுவிடாது.

தோற்றம் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறது: உள்ளே காற்று போயிருக்கிறது. படலம் என்பது அந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எட்டிப் பிடிக்க மேற்பரப்பில் ஒன்றுகூடி அமைத்துக்கொள்ளும் இருப்பிடம். அதே பீர், அதே தொற்று, வாய்வரை நிரம்பிய பாத்திரத்தில் இருந்தால் பல வேளைகளில் படலமே தோன்றாது. ஆகவே படலத்தைப் பார்த்ததும் என்ன மருந்து போடலாம் என்று தேடுவதைவிட, காற்று எந்த வழியாக வந்தது என்று தேடுவதே பயன் தரும்.

இங்கே பலர் நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, ஆகவே அது பீரின் மேல் போர்வையாகப் படிந்து காக்கும் என்கிறார்கள். வாயுக்கள் அப்படி அடுக்கடுக்காக நிலைத்து நிற்பதில்லை. கொஞ்ச நேரத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும். முதற்கட்ட நொதித்தலில் வாயு இடைவிடாமல் பெருகி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் காற்று விலக்கப்படுகிறது. அது முடிந்தபின் வேறு பாத்திரத்துக்கு மாற்றும்போது, அந்தப் பாத்திரத்தில் இருந்த காற்றும், குழாய் வழியே விழும்போது கலந்த காற்றும் பீரோடு தங்கிவிடுகின்றன. 23 லிட்டர் பாத்திரத்தில் 17 லிட்டர் பீரை வைத்தால் மீதி ஆறு லிட்டரும் படலத்துக்கு நாமே அமைத்துக் கொடுத்த இடம். பொதுவாக நடுத்தர வலிமையுள்ள பீருக்கு இரண்டாவது பாத்திரமே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. பழம் சேர்ப்பதற்கோ, பல மாதம் முதிரவைப்பதற்கோ மட்டும் மாற்றுங்கள். அப்போதும் கழுத்துவரை நிரம்பும் அளவுள்ள பாத்திரத்தையே தேர்ந்தெடுங்கள்.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இந்தச் சிக்கல் குளிர்நாடுகளைவிடக் கூடுதலாகத் தோன்றுவதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. பகலில் 31, 32 டிகிரியும் இரவில் 24, 25 டிகிரியுமாக அறையின் வெப்பம் ஏறி இறங்குகிறது. வெப்பம் ஏறும்போது கார்பாயிலிருந்து வாயு வெளியேறுகிறது. இறங்கும்போது ஏர்லாக் வழியே அறைக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. நாள்தோறும் இது நடக்கிறது. அந்த அறைக்காற்றில் பூசண வித்துகள் ஏராளம். ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில் தோல்செருப்பும் புத்தகமும்கூடப் பூசணம் பிடிப்பதை எல்லோரும் அறிவோம். பழைய ஐஸ்பெட்டியில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தி நொதிக்கவைப்பவர்களுக்கு இன்னொரு இடர்: 20 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்கு விரைவாகக் குளிரவைக்கும்போது பீர் சுருங்குவதோடு, மேலிருந்த கரியமில வாயுவையும் தானே கரைத்துக்கொள்கிறது, அந்த வெற்றிடத்தை நிரப்ப வெளிக்காற்றும், சில வகை ஏர்லாக்கில் இருக்கும் தண்ணீரும் உள்ளே போகின்றன. குளிரவைப்பதற்கு முன் ஏர்லாக்கை எடுத்துவிட்டு இறுக்கமான மூடி போடுவதோ, கரியமில வாயு நிரப்பிய பையைக் குழாயில் இணைப்பதோ நல்லது. குளிர்சாதன வசதி இல்லாதவர்கள் நார்வேயின் வோஸ் பகுதியைச் சேர்ந்த குவெய்க் ஈஸ்டைப் பயன்படுத்தலாம். 35 டிகிரியைத் தாண்டிய வெப்பத்திலும் அது சுத்தமாகவும் விரைவாகவும் நொதிக்கும். ஈஸ்ட் விரைந்து வேலையை முடித்தால் வேறு எதற்கும் இடம் கிடைப்பதில்லை.

பீர் காடியாகும் (வினிகராகும்) தொற்று தனியே கவனிக்க வேண்டியது. அசிட்டோபாக்டர் ஆல்கஹாலை ஆக்சிஜனோடு சேர்த்து அசிட்டிக் அமிலமாக்குகிறது. ஹாப்ஸின் கசப்பு இதைத் தடுப்பதில்லை. தென்னங்கள்ளு இறக்கிய அன்று இனிப்பாகவும், மறுநாளே புளிப்பாகவும், அதன் பிறகு காடியாகவும் மாறுவதைத் தோட்டப்புறங்களில் வளர்ந்த பெரியவர்கள் அறிவார்கள். அந்தக் கடைசி மாற்றம் இதே குடும்பத்தின் வேலை. பீரில் இது தொடக்கத்தில் எண்ணெய்ப் படலம்போல மெல்லியதாகவும், பின்னர் வழுவழுப்பான, தடித்த தோலாகவும் தெரியலாம். மணம் உடனே காட்டிக்கொடுக்கும்: காடி, சில வேளை நகப்பூச்சு நீக்கியின் காரமும் சேர்ந்திருக்கும். சமையலறையில் வாழைப்பழத்தைச் சுற்றும் சிறு பழ ஈக்கள் இதைச் சுமந்துவருகின்றன. ஏர்லாக்கின் தண்ணீர் வற்றிப்போன கார்பாயில் ஈ ஒன்று மிதந்தால் இதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். காடி மணம் உறுதியான பீரைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. அகலமான வாயுள்ள பாத்திரத்தில் மெல்லிய துணி கட்டி விட்டுவைத்தால் சமையலுக்கு நல்ல மால்ட் காடி கிடைக்கும். ஆனால் அதை மற்ற பாத்திரங்களிலிருந்து எட்டவே வையுங்கள்.

இனிப் பூசணம். இதில் மட்டும் நான் தயக்கமின்றிக் கொட்டச் சொல்வேன். பூசணம் வட்ட வட்டமான தனித்திட்டுகளாகத் தொடங்கும். மேற்பரப்பிலிருந்து எழும்பி, காய்ந்து, பஞ்சுபோலவோ வெல்வெட்டுபோலவோ இருக்கும். முதலில் வெண்மையாக இருந்தாலும் சில நாளில் நடுவில் நிறம் ஏறும்: பெனிசிலியம் நீலப்பச்சையாக, அஸ்பர்ஜில்லஸ் கறுப்பாகவோ மஞ்சள் கலந்த பச்சையாகவோ, ரைசோபஸ் சாம்பல் மயிரின் நுனியில் கறுப்புப் புள்ளிகளாக. மேலே படிந்ததை அகற்றிவிட்டு அடியிலுள்ள பீரைக் குடிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பீரின் அடிப்பகுதியில் ஆக்சிஜன் இல்லாததால் பூசணம் கீழே இறங்காது என்பது அவர்கள் வாதம். பூசணம் இறங்காதுதான். ஆனால் சில பூசணங்கள் உருவாக்கும் நச்சுகள் திரவத்தில் கரையக்கூடியவை, மணமும் சுவையும் இல்லாதவை, கொதிக்கவைத்தாலும் அழியாதவை. நம் பூசணம் அந்த வகையா இல்லையா என்று வீட்டில் சோதிக்க முடியாது. இருபது லிட்டர் பீரின் விலை அந்தச் சந்தேகத்தோடு குடிப்பதற்கு ஈடாகாது.

வெண்மையான திட்டு ஈஸ்டா, தொடக்கநிலைப் பூசணமா என்று முடிவுசெய்ய முடியாதபோது, திறக்காமல் படம் எடுத்துவைத்து இரண்டு மூன்று நாள் காத்திருங்கள். பூசணம் அதற்குள் உயர்ந்து மயிர்விட்டு நிறம் காட்டும். ஈஸ்ட் திட்டு அப்படியே இருக்கும். படலம் பக்கவாட்டில் மட்டும் பரவும். ஒவ்வொரு முறை திறந்து பார்ப்பதும் புதிய காற்றை உள்ளே விடுவதாகும் என்பதால், கண்ணாடி வழியே பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் கட்டத்தில் பழம் சேர்ப்பவர்களுக்கே பூசணம் அதிகம் வருகிறது. பினாங்கின் பாலிக் புலாவில் விளையும் ஜாதிக்காயின் சதை, மாம்பழம், அன்னாசி எதுவானாலும், பழத்துண்டுகள் வாயுவை ஏந்திக்கொண்டு மேலே மிதக்கும். அவற்றின் மேல்பக்கம் பீரில் நனையாமல் காற்றில் காயும். ஆல்கஹாலும் அமிலமும் எட்டாத அந்த மேல்பக்கம்தான் பூசணம் முளைக்கும் இடம். உறையவைத்த பழம் சுத்தமானது என்று நம்ப வேண்டாம்; குளிர் நுண்ணுயிர்களை உறங்கவைக்கிறதே தவிர பெரும்பாலும் கொல்வதில்லை. பழத்தை மசித்து 70 டிகிரி வெப்பத்தில் சில நிமிடம் வைத்து, ஆறவிட்டுச் சேர்ப்பது நல்லது. நுண்துளைப் பையில் கட்டி, கொதிக்கவைத்த எவர்சில்வர் எடை ஒன்றை உள்ளே போட்டு மூழ்கடிப்பது அதைவிட நல்லது. உலர் ஹாப்ஸைப் பொறுத்தவரை அவ்வளவு கவலை வேண்டாம்; பூசணம் ஹாப்ஸின் மேல் வருவது அரிது.

மேலே ஒன்றுமே தெரியாமல் கெடும் பீரும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹாப்ஸைத் தாங்கும் லாக்டோபாசில்லஸ் வகைகளும் பெடியோகாக்கஸும் காற்றில்லாமலே வளரும்; படலம் விடாமலேகூடப் பீரைப் புளிக்கவைத்து, வெண்ணெய் மணம் ஏற்றி, சில வேளை ஊற்றும்போது எண்ணெய்போல இழையோடச் செய்யும். டயஸ்டாட்டிகஸ் எனப்படும் ஈஸ்ட் வகை படலம் விடாமலே எஞ்சிய மாவுச்சர்க்கரையை உண்டுகொண்டே இருக்கும். எனவே தெளிந்த மேற்பரப்பு நலத்துக்குச் சான்றாகாது. கண்ணைவிட, நீரை 1.000 என்று கொண்டு பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரே நம்பத்தக்கது.

அந்த அளவீட்டைத்தான் கேள்வி கேட்ட நண்பர் இப்போது செய்ய வேண்டும். கிருமிநீக்கிய குழாயால், படலத்தைக் கிழிக்காமல் அதன் அடியிலிருந்து சிறிதளவு பீரை எடுத்து அடர்த்தியைப் பாருங்கள். பார்லி மால்ட்டில் செய்த வழக்கமான ஏல் வகை பீர் 1.008க்கும் 1.014க்கும் இடையில் நின்றுவிடும். நீங்கள் மாற்றியபோது குறித்துவைத்த அளவே இப்போதும் இருந்து, ஒரு வாரம் கழித்தும் அதுவே இருந்தால், மேலே இருப்பது காற்றில் வாழும் மெல்லிய படலம் மட்டுமே. பீர் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. அளவு இறங்கிக்கொண்டே வந்தால் பிரெட்டனோமைசிஸோ பாக்டீரியாவோ உண்டுகொண்டிருக்கிறது. அளவெடுத்த பீரைத் திரும்ப ஊற்றாமல் சுவைத்துப் பாருங்கள். அழுகிய முட்டையின் கந்தக மணம் லேசாக இருந்தால் அது ஈஸ்டின் இயல்பான மணம், சில நாளில் அகலும். புளிப்பு, காடி, மருந்து மணம், நகப்பூச்சு மணம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

அடர்த்தி நிலையாக இருந்து, சுவையும் நன்றாக இருந்தால் தாமதிக்காதீர்கள். சைஃபன் குழாயின் நுனியைப் படலத்துக்குக் கீழே நடு ஆழத்தில் நிறுத்தி பீரை இறக்குங்கள். கடைசி இரண்டு லிட்டரைப் பாத்திரத்திலேயே விட்டுவிடுங்கள், படலம் அதோடு தங்கிவிடும். படலத்தைக் கரண்டியால் வழித்தெடுக்க முயல வேண்டாம்: அது துண்டுதுண்டாக உடைந்து பீரெங்கும் பரவும், மறுநாள் அதே இடத்தில் மீண்டும் படரும். கெக் எனும் அழுத்தம் தாங்கும் உலோகக் கலம் வைத்திருப்பவர்கள் அதில் நிரப்பிக் கரியமில வாயுவால் காற்றை வெளியேற்றி, உடனே குளிரவைத்துச் சில வாரத்துக்குள் குடித்துவிடுவதே மிகப் பாதுகாப்பான வழி. குளிரில் அந்த ஈஸ்டுகள் ஏறத்தாழ அசையாமல் நின்றுவிடும்.

அடர்த்தி இறங்கிக்கொண்டிருந்து, சுவை மட்டும் இனிமையாகவோ பழமணத்தோடோ இருந்தால், பொறுமையும் இடமும் உள்ளவர்கள் அதைத் தொடாமல் மாதக்கணக்கில் முதிரவைக்கலாம். படலத்தை அப்படியே விடுங்கள், ஏர்லாக்கில் தண்ணீர் குறையாமல் பாருங்கள். பிரெட்டனோமைசிஸ் மெதுவாக வேலை செய்யும். மூன்று மாதத்தில் பிடிக்காத சுவை ஆறாம் மாதத்தில் மாறியிருக்கக்கூடும். ஆனால் 30 டிகிரி வெப்பத்தில் திறந்த மாடத்தில் இது நடக்காது, காடியாகத்தான் முடியும். வெப்பக் கட்டுப்பாடு இல்லையென்றால் இந்த முயற்சியில் இறங்க வேண்டாம்.

போத்தலில் அடைப்பவர்களை நான் மீண்டும் மீண்டும் எச்சரிப்பது வெடிப்பைப் பற்றித்தான், ஏனென்றால் உடலில் காயம் ஏற்படும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அடர்த்தி 0.001 இறங்கினால் பீரின் கொள்ளளவில் ஏறத்தாழ பாதியளவு கரியமில வாயு பிறக்கும். சர்க்கரை சேர்த்து 2.5 மடங்கு வாயு ஏற்றிய போத்தலுக்குள் காட்டு ஈஸ்ட் இன்னும் 0.004 இறக்கினால், அது 4.5 மடங்காகிறது, வழக்கமான பீர் போத்தல்கள் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. நம் ஊரின் அறை வெப்பத்தில் அழுத்தம் இன்னும் கூடும். படலம் பிடித்த பீரைக் கண்ணாடிப் போத்தலில் அடைக்க வேண்டியிருந்தால், குறைந்தது மூன்று வாரம் அடர்த்தி மாறவில்லை என்று உறுதிசெய்யுங்கள், சர்க்கரையைக் குறையுங்கள், ஒன்றிரண்டு பிளாஸ்டிக் குளிர்பானப் போத்தல்களிலும் அதே பீரை நிரப்பி வையுங்கள். அவை கல்லாக இறுகிவிட்டால் எல்லாவற்றையும் உடனே குளிரில் வைத்துவிட வேண்டும். எடுக்கும்போது தடித்த கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள். பெட்டிகளைக் குழந்தைகள் புழங்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

பாத்திரங்களைப் பொறுத்தவரை, கண்ணாடிக் கார்பாயைத் தூக்கி எறியத் தேவையில்லை. காரம் கலந்த சுத்திகரிப்புப் பொடியில் இரவு முழுதும் ஊறவைத்து, தேய்த்து, கழுவி, பின்னர் கிருமிநீக்கியைப் பயன்படுத்தினால் போதும். அழுக்கு ஒட்டியிருக்கும் இடத்தில் எந்தக் கிருமிநீக்கியும் வேலை செய்யாது. அமில வகைக் கிருமிநீக்கிகள் பாக்டீரியாவை நன்றாகக் கொல்லும், காட்டு ஈஸ்டையும் பூசணத்தையும் அவ்வளவு திறமாகக் கொல்வதில்லை. படலம் வந்த பாத்திரத்துக்கு ஒருமுறையாவது அயோடின் வகையைப் பயன்படுத்துங்கள். சிலிக்கோன் குழாய்களைக் கொதிநீரில் வேகவையுங்கள். கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளி, வினைல் குழாய், ரப்பர் அடைப்பான், வாளியின் குழாய்த்திறப்பில் இருக்கும் வளையம் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். குழாய்த்திறப்பை இதுவரை கழற்றிக் கழுவியதில்லை என்றால், இந்தப் பீரை இறக்கிய அன்றே அதைக் கழற்றிப் பாருங்கள்; உள்ளே பழைய பீர் காய்ந்து பழுப்பாகப் படிந்திருந்தால், படலம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் அதுவே பதில்.